கீரையிலிருந்து மின்னோட்டம்: ஒளிச்சேர்க்கைப் புரதங்களை மின்முனையில் ஒட்டி அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடியற்காலை 5 மணிக்குக் காசிமேட்டில் தெர்மாகோல் பெட்டியோடு போய் நின்றேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அண்ணன், "மீன் எத்தினி கிலோ?" என்று கேட்டார். "மீன் இல்லண்ணா, கீரைக்கு" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, பெட்டி வழிய வழிய பொடி ஐஸ் அள்ளிப் போட்டார். இந்த வேலையில் பாதி வெற்றி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் சனிக்கிழமைகளில் சில பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அறிவியல் செய்கிறோம். மின்சாரம் என்றால் இங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புகைபோக்கி. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 வரை ஓடியது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் நிற்கிறது. சாம்பல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் வலை வீசுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கட்டுக் கீரையிலிருந்து மின்னோட்டம் எடுத்துக் காட்டும்போது பிள்ளைகளின் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். இதை வைத்து வீட்டுக்கு விளக்கு ஏற்ற முடியாது. கிடைப்பது மைக்ரோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான். ஆனால் அந்தச் சின்ன ஓட்டம் தண்ணீரிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான். பிடுங்கியது இலையின் புரதம், தள்ளியது ஒளி. அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தச் சோதனையின் உயிர்.

இலைக்குள் நடப்பது

இலைச் செல்லுக்குள் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் அடுக்கடுக்காகச் சவ்வுகள். அவற்றுக்குத் தைலகாய்டு என்று பெயர். அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் இரண்டு பெரிய புரதக் கூட்டங்கள்தான் நமக்கு வேண்டியவை.

முதலில் வேலை செய்வது போட்டோசிஸ்டம் 2. (கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டதால் பெயர் இப்படித் தலைகீழாக இருக்கிறது.) இதில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து உண்டு. ஒளி பட்டதும் அது தண்ணீரை உடைத்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது, எலக்ட்ரானைப் பிடித்து மேலே அனுப்புகிறது. அந்த எலக்ட்ரான் பிளாஸ்டோகுயினோன், சைட்டோகுரோம், செம்பு உள்ள பிளாஸ்டோசயனின் என்று கைமாறிக் கைமாறிப் போட்டோசிஸ்டம் 1-க்கு வந்து சேரும். அங்கே இன்னொரு ஒளித்துகள் படும். 700 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் ஒரு ஜோடிப் பச்சையம் எலக்ட்ரானை உதறிவிட, அது இரும்பு-கந்தகக் கொத்துகள் வழியாகச் சவ்வின் மறுபக்கத்துக்கு வந்து நிற்கும். இந்தப் பயணத்தில் ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்கு எலக்ட்ரானின் நிலை மாறிவிடுகிறது. உறிஞ்சிய ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரு எலக்ட்ரான் தவறாமல் நகர்கிறது.

இலையில் அந்த எலக்ட்ரான் கடைசியில் சர்க்கரை செய்யப் போகும். நாம் அதை நடுவழியில் மறித்து மின்முனைக்குத் திருப்பப் போகிறோம். மறிக்க முடியும் என்பது பழைய செய்தி. ராபர்ட் ஹில் 1937-லேயே, பசுங்கணிகத்தைத் தனியே பிரித்து எடுத்து, வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரான் வாங்கியைக் கொடுத்தால் அது ஒளியில் ஆக்சிஜன் விடும் என்று காட்டினார். 1985-இல் எலியாஸ் கிரீன்பாம் தைலகாய்டின் மேல் பிளாட்டினத்தைப் படியவைத்து, வெறும் ஒளியில் ஹைட்ரஜன் எடுத்தார். நாம் செய்வது ஹில்லின் சோதனையோடு ஒரு வயரைச் சேர்ப்பது, அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

கீரைதான் முதலில். நம் சந்தையில் பாலக் என்று கிடைப்பது வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் ஸ்பினாச் இல்லை, பீட்ரூட் இனத்தைச் சேர்ந்தது. இருந்தாலும் வேலைக்கு அருமையாக ஒத்துவரும். கொடிப்பசலை வேண்டாம், அதன் வழவழப்பு வடிகட்டும்போதே கழுத்தை அறுக்கும். கீரைக்கார அக்காவிடம் அன்று பறித்த கட்டாகக் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்து வைத்த வாடல் கீரையில் தைலகாய்டு உருப்படியாக இருக்காது.

கரைசலுக்கு (அரை லிட்டர் அளவில்): வெள்ளைச் சர்க்கரை 68.5 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 3.5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.7 கிராம், சாப்பாட்டு உப்பு 0.3 கிராம், எப்சம் உப்பு 0.6 கிராம். எப்சம் உப்பைக் கடைசியில், கலக்கிக்கொண்டே போடுங்கள். பிஎச் தாள் 7.4 பக்கம் காட்ட வேண்டும். இதே கலவையைச் சர்க்கரை மட்டும் இல்லாமல் இன்னொரு அரை லிட்டர் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை எதற்கென்றால், வெறும் தண்ணீரில் பசுங்கணிகம் ஊதி வெடித்துவிடும். அது எப்போது வெடிக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதற்குத்தான் இரண்டு பாட்டில்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கித் தந்தாலும் சரி, லாரித் தண்ணீரானாலும் சரி, குளோரின் இருக்கும். போர் தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, உப்பும் இரும்பும் வாளியிலேயே கறை போடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் போதும்.

மற்றவை: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பொட்டாசியம் குளோரைடு, அகர், கொஞ்சம் டிசிபிஐபி சாயம் (நீல நிறம், எலக்ட்ரான் வாங்கினால் நிறம் போய்விடும்), டயாலிசிஸ் ட்யூப் ஒரு சாண். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கல்லூரி மூலமாகக் கடிதம் வைத்து வாங்குவது நல்லது. மின்முனைக்கு, கேஸ்கெட் கடைகளில் கிடைக்கும் கிராஃபைட் ஷீட். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சில ஷீட்டுக்கு நடுவில் மெல்லிய ஸ்டீல் தகடு வைத்து அழுத்தியிருப்பார்கள். ஓரத்தைப் பிய்த்துப் பார்த்து, உள்ளே உலோகம் இல்லாததையே வாங்க வேண்டும். பழைய பேட்டரியின் கரித்தண்டு வேண்டாம். அதில் மெழுகும் மாங்கனீசுக் கறுப்பும் ஊறிப் போயிருக்கும், அந்தக் கறுப்பே தனியாக ஒரு மின்னோட்டம் காட்டும்.

ஒரு நல்ல மல்டிமீட்டர் (0.1 மில்லிவோல்ட் வரை காட்ட வேண்டும்), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 3 வாட் சிவப்பு எல்இடி. ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் மூன்றும் கிடைத்துவிடும். சென்ட்ரிஃப்யூஜ் (ட்யூபை வேகமாகச் சுற்றி வண்டலை அடியில் பிரிக்கும் மெஷின்) மட்டும் வீட்டில் இருக்காது. பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடுகிற சின்ன மெஷின் இருந்தால் போதும். அதன் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் புவியீர்ப்பைப் போல் சுமார் 1800 மடங்கு விசை கிடைக்கும்.

ஐஸும் இருட்டும்

முதல் நாள் ராத்திரி கீரையை ஈரத்துணியில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இருட்டில் கிடந்தால் இலை தன் மாவுச்சத்தைச் செலவழித்துவிடும். இல்லையென்றால் மாவு மணிகள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும்போது கணிகத்தைக் குத்திக் கிழிக்கும். மிக்ஸி ஜார், கரைசல், துணி, ட்யூப், எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும்.

சென்னையில் கத்திரி வெயில் நாட்களில் மதியம் இதைச் செய்து நாங்கள் இரண்டு முறை தோற்றோம். செல் உடைந்ததும் இலைக்குள் அதுவரை பூட்டியிருந்த நொதிகள் எல்லாம் வெளியே வந்து புரதத்தையும் கொழுப்பையும் தின்ன ஆரம்பிக்கும். நறுக்கிய வாழைக்காய் கறுக்கிற மாதிரிதான். குளிர் அந்த வேகத்தைக் குறைக்கிறது. மீனுக்கும் இதே கதைதானே. காசிமேட்டிலிருந்து வருகிற மாணவி ஒருத்தி, "மீனு புடிச்ச உடனே ஐஸ்ல போடலன்னா விலை போகாதுன்னு அப்பா சொல்வாரு, இதுவும் அப்படித்தானா அண்ணா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

சரி, செய்முறை. காம்பையும் நடுநரம்பையும் கிள்ளிவிட்டு 50 கிராம் இலை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக் கரைசல் 150 மில்லி ஊற்றி மிக்ஸியில் ஐந்து நொடி, நிறுத்தி, ஐந்து நொடி, நிறுத்தி, இன்னொரு ஐந்து நொடி. அதற்கு மேல் வேண்டாம். சட்னி பதத்துக்குப் போனால் சவ்வு கந்தலாகிவிடும். நான்கு மடிப்பு மல் துணியில் ஊற்றி மென்மையாகப் பிழியுங்கள். கீழே இறங்குவது அடர்பச்சைச் சாறு, மேலே நுரை. நுரையை விட்டுவிடுங்கள்.

சாற்றை ட்யூப்களில் சமமாக ஊற்றி, 1000 சுற்றில் ஒரு நிமிடம் சுற்றினால் நார், உடையாத செல், மண் எல்லாம் அடியில் போய்விடும். மேலே உள்ளதை வேறு ட்யூபுக்கு மாற்றி, 4000 சுற்றில் 10 நிமிடம். இப்போது அடியில் கரும்பச்சையாக ஒரு வண்டல் உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள இளம்பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

அப்புறம் வருவது வெடிக்க வைக்கும் கட்டம். வண்டலின் மேல் சர்க்கரை இல்லாத கரைசலை ஊற்றி, வாட்டர்கலர் தீட்டுகிற மெல்லிய தூரிகையால் மெதுவாகக் கலையுங்கள். ஸ்பூனோ குச்சியோ வேண்டாம், தூரிகைதான். ஒரு நிமிடத்தில் கணிகத்தின் வெளியுறை வெடித்து, தைலகாய்டு தனியாகும். மறுபடி 4000 சுற்றில் 10 நிமிடம். எப்சம் உப்பில் உள்ள மெக்னீசியம் சவ்வு அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதால், இந்தச் சின்ன மெஷினிலேயே அவை அடியில் படிந்துவிடும். மேலே உள்ளதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை கழுவுங்கள். கடைசி வண்டலை 3 மில்லி சர்க்கரைக் கரைசலில் கலைத்து, ட்யூபை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் குத்தி வையுங்கள். அறையில் மங்கலான பச்சை விளக்கு மட்டும் எரியட்டும்.

அந்த இரண்டாவது கழுவலைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். கீரையில் வைட்டமின் சி நிறைய. அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் கூட, ஒளியே இல்லாமல் சாயத்தையும் ஃபெர்ரிசயனைடையும் மாற்றிக் காட்டி நம்மை ஏமாற்றும்.

உயிர் இருக்கிறதா

மின்முனைக்குப் போகும் முன் ஒரு சோதனை. இரண்டு டெஸ்ட் ட்யூபில் சர்க்கரையில்லாக் கரைசல் 10 மில்லி, வான நீலம் வரும் அளவுக்கு டிசிபிஐபி சாயம் சில துளி, அதில் நம் பச்சைக் கலவை நாலைந்து துளி. ஒன்றை அலுமினியத் தாளில் மூடிவிட்டு இரண்டையும் விளக்கடியில் வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் திறந்த ட்யூபில் நீலம் வடிந்து வெறும் பச்சை நிற்க வேண்டும், மூடியதில் நீலம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் மங்கினால் வைட்டமின் சி, இன்னும் கழுவுங்கள். இரண்டும் மங்காவிட்டால் தைலகாய்டு செத்துவிட்டது, மனதைத் தேற்றிக்கொண்டு புதுக் கட்டு வாங்குங்கள்.

பச்சையம் எவ்வளவு என்று தெரிந்தால் பின்னால் கணக்குப் போட வசதி. கலவை 20 மைக்ரோலிட்டரை 80 சதவீத அசிட்டோன் 2 மில்லியில் கலந்து, கசடை நீக்கி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 645, 663 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பாருங்கள். டேனியல் ஆர்னன் 1949-இல் கொடுத்த சூத்திரம்: 645-இன் அளவை 20.2-ஆலும், 663-இன் அளவை 8.02-ஆலும் பெருக்கிக் கூட்டினால், அசிட்டோனில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். நாம் நூறு மடங்கு நீர்த்திருப்பதால் நூறால் பெருக்க வேண்டும். உதாரணமாக 0.25, 0.65 என்று வந்தால் 10.26. நூறால் பெருக்கினால் லிட்டருக்கு 1026 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். இந்த அடர்த்தி நமக்குப் போதும்.

ஒட்டுவது

கிராஃபைட் ஷீட்டை 1 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையில் ஒரு சதுர சென்டிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு, கரைசலில் மூழ்கப் போகிற மற்றப் பகுதிக்கு (பின்பக்கமும் ஓரங்களும் சேர்த்து) நெயில் பாலிஷ் பூசிக் காயவிடுங்கள். திறந்த சதுரத்தை மெல்லிய உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசுங்கள். சுரண்டிய பரப்பில் மேடுபள்ளம் அதிகம், சவ்வு ஒட்ட இடமும் அதிகம்.

இந்தச் சதுரத்தின் மேல் பச்சைக் கலவையை 20 மைக்ரோலிட்டர் விட்டு, ஐஸ் மேல் வைத்த மூடிய டப்பாவில் இருட்டில் அரைமணி நேரம் விடுங்கள். பளபளப்பு போய், ஈரம் மட்டும் நிற்கிற பதம் வேண்டும். முழுக்கக் காய்ந்து வெடித்தால் தண்ணீரை உடைக்கிற மாங்கனீசுக் கொத்துதான் முதலில் போகும். பிறகு டயாலிசிஸ் ட்யூபை வெட்டி ஊறவைத்த சவ்வை மேலே போர்த்தி, ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். இது வலை போட்ட ஜன்னல் மாதிரி: சின்ன மூலக்கூறு போகும் வரும், பச்சை வெளியே கசியாது.

இங்கே ரசாயனப் பிணைப்பு ஒன்றும் இல்லை, வெறும் ஒட்டுதல்தான். பெரிய ஆய்வகங்களில் இன்னும் உறுதியாகக் கட்டுவார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ராமராஜ ராமசாமியின் குழு 2013-இல் கரி நானோகுழாய்களின் மேல் பைரீன் மூலக்கூறை ஒட்டவைத்து, அதன் மறுமுனையில் தைலகாய்டைக் கட்டியது. பைரீன் தட்டையான வளையங்களால் ஆனது, கரிப்பரப்பில் அப்படியே படுத்துக்கொள்ளும். மறுமுனை புரதத்தின் அமினோ தொகுதியைப் பிடித்துக்கொள்ளும். தூரம் குறையக் குறைய எலக்ட்ரான் தாண்டுவது எளிது.

நமக்கு அந்த வசதி இல்லை. சவ்வுக்குள் புதைந்திருக்கிற புரதத்திலிருந்து கிராஃபைட்டுக்கு எலக்ட்ரான் நேராகத் தாண்டாது. அதனால் நடுவில் ஒரு தூதுவன் வேண்டும், அதுதான் ஃபெர்ரிசயனைடு. அது போட்டோசிஸ்டம் 1-இன் வெளிவாசலில் எலக்ட்ரானை வாங்கி ஃபெர்ரோசயனைடாக மாறும், கிராஃபைட்டில் போய் இறக்கிவிட்டு மறுபடி ஃபெர்ரிசயனைடாகும்.

செல்லும் மீட்டரும்

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒவ்வொன்றிலும் சர்க்கரையில்லாக் கரைசல் 100 மில்லி, பொட்டாசியம் குளோரைடு 0.75 கிராம், ஃபெர்ரிசயனைடு 0.066 கிராம். வெளிர் மஞ்சளாக இருக்கும். ஒன்றில் பச்சை மின்முனை, இன்னொன்றில் எதுவும் பூசாத கிராஃபைட். இரண்டையும் இணைக்க உப்புப் பாலம்: 3 சதவீத அகரைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் காய்ச்சி, வளைத்த பிளாஸ்டிக் ட்யூபில் குமிழி இல்லாமல் ஊற்றி உறையவிடுங்கள். இரண்டாவது டம்ளரை முழுக்கக் கறுப்புத் தாளில் சுற்றிவிடுங்கள்.

இரண்டு மின்முனைக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் இரு முனையில் மீட்டர், மில்லிவோல்ட் வரிசையில். மீட்டரின் கறுப்பு வயர் பச்சை மின்முனைப் பக்கம் வரட்டும், எலக்ட்ரான் வெளியே வருவது அங்கிருந்துதான். இந்த ரெசிஸ்டரில் 1 மில்லிவோல்ட் என்றால் 0.1 மைக்ரோ ஆம்பியர்.

இருட்டில் இருபது நிமிடம் பொறுமையாக விடுங்கள். எண் அலைந்து அலைந்து ஒரு இடத்தில் நிற்கும். அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டியதில்லை. பிறகு சிவப்பு எல்இடியை 10 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, நடுவில் தண்ணீர் நிரப்பிய தட்டையான பாட்டில் ஒன்றை நிறுத்தி (சூடு அதில் தங்கிவிடும்) போடுங்கள்.

எங்கள் மாடியில் ஒழுங்காக வந்த முதல் நாளில் இருட்டில் 0.4 மில்லிவோல்ட்டில் நின்ற எண், விளக்குப் போட்டதும் 0.9, 1.8, 3.1 என்று ஏறி, ஒரு நிமிடத்தில் 6-ஐத் தாண்டி நின்றது. விளக்கை அணைத்தோம், இறங்கியது. மறுபடி போட்டோம், ஏறியது. அரை மைக்ரோ ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அறையில் யாரும் பேசவில்லை.

இது இலையிலிருந்துதான் வந்ததா?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் மேலே செய்த எல்லாம் வீண். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு வருடம் முன்பு எங்களுக்கு 30 மைக்ரோ ஆம்பியர் வந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். நானும் நாலு பேருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அன்று சாயந்திரம் செல்லைப் பிரித்தபோது, வயரை மின்முனையோடு கவ்விப் பிடிக்கிற முதலைக் கிளிப்பின் பல்லைச் சுற்றி மை கொட்டியது போல அடர்நீலம் படிந்திருந்தது. கிளிப் கரைசலைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதன் இரும்பு கரைந்து, ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகியிருக்கிறது. நாங்கள் அளந்தது இரும்பு துருப்பிடிக்கிற மின்னோட்டம். விளக்கை ஒருமுறை அணைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். போன் செய்த நாலு பேருக்கும் மறுபடி போன் செய்து உண்மையைச் சொன்னேன். பிள்ளைகள் முன்னாலேயே செய்தேன், அது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அதனால் இப்போது ஒவ்வொரு முறையும் இவற்றைச் செய்கிறோம்.

கிளிப் கரைசலுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். கிராஃபைட் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், நெயில் பாலிஷ் அதையும் தடுக்கும்.

இரண்டு நிமிடம் ஒளி, இரண்டு நிமிடம் இருட்டு, குறைந்தது ஐந்து சுற்று. அதை நோட்டில் பத்து நொடிக்கு ஒருமுறை எழுதி வரைபடம் போடுங்கள். ஒளியால் வருவது விளக்கோடு உடனே ஏறத் தொடங்கும். சூட்டால் வருவது மெதுவாக ஏறி, விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். கரைசலில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும்.

பச்சை பூசாத வெறும் கிராஃபைட்டை அதே இடத்தில் வைத்து அதே ஒளி. இங்கேதான் சிவப்பு எல்இடி ஏன் என்பது விளங்கும். ஃபெர்ரிசயனைடு நீல ஒளியை உறிஞ்சும், ஒளியில் தானே சிதையவும் செய்யும். வெள்ளை விளக்கில் வெறும் கரைசலே ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக் குழப்பும். சிவப்பு அதைத் தொடாது, பச்சையத்தை மட்டும் எழுப்பும்.

வேகவைத்த தைலகாய்டு. அதே கலவையில் கொஞ்சத்தைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறவைத்து, அதே அளவு பூசுங்கள். நிறம் அப்படியே இருக்கும், பச்சையமும் இருக்கும், ஆனால் புரதம் குலைந்திருக்கும். மின்னோட்டம் நின்றுவிட வேண்டும். வேகவைத்த பிறகும் பாதி வருகிறது என்றால், அந்தப் பாதி ஒளிச்சேர்க்கை இல்லை.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான சோதனை டையூரான். கரும்புத் தோட்டத்துக் களைக்கொல்லி. அது போட்டோசிஸ்டம் 2-இல் குயினோன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து எலக்ட்ரானை மறித்துவிடும், களை சாவதே அதனால்தான். ஆல்கஹாலில் கரைத்து, டம்ளரில் லிட்டருக்கு 10 மைக்ரோமோல் வரும்படி ஒரு துளி விட்டால் போதும். ஒளி எரிந்துகொண்டிருக்கும்போதே எண் இறங்கும். தண்ணீரிலிருந்து வருகிற வழியை அடைத்தோம், ஓட்டம் படுத்தது. அப்படியானால் அந்த எலக்ட்ரான் தண்ணீரிலிருந்துதான் வந்தது. வெறும் ஆல்கஹாலை மட்டும் விட்டும் ஒருமுறை பாருங்கள். கையுறை கட்டாயம், இந்த வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்யட்டும்.

எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வருகிறது

நம் மின்முனையில் 20 மைக்ரோகிராம் பச்சையம் இருக்கிறது. நல்ல தைலகாய்டு ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு மணிக்கு 100 மைக்ரோமோல் ஆக்சிஜன் விடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆக்சிஜனுக்கு நான்கு எலக்ட்ரான், ஆக 400. அதில் ஐம்பதில் ஒரு பங்கு நம்முடையது, மணிக்கு 8 மைக்ரோமோல். அதை நொடிக்கு மாற்றி ஃபாரடே எண்ணால் (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம்) பெருக்கினால் சுமார் 214 மைக்ரோ ஆம்பியர்.

நமக்கு வந்தது அரை மைக்ரோ ஆம்பியர். மிச்சம் எங்கே போனது? அடர்த்தியாகப் படிந்த பச்சையில் மேலடுக்கு ஒளியைத் தின்றுவிடுகிறது, அடியில் இருட்டு. தூதுவன் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வதில்லை, போனதும் கிராஃபைட்டுக்குத் திரும்பாமல் டம்ளருக்குள் அலைகிறது. ஆக்சிஜனும் குறுக்கே வந்து கொஞ்சம் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. உப்புப் பாலத்துக்கும் ரெசிஸ்டருக்கும் அதனதன் தடை. பாலத்தைக் குட்டையாகத் தடிப்பாகச் செய்வது, பூச்சை மெல்லியதாக்குவது, கல்லூரியில் பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் அதில் வைத்து அளப்பது, இவை மூன்றும் எண்ணை உயர்த்தும். நான் முதலில் பாலத்தில்தான் கை வைப்பேன்.

இன்னொன்று, ஓட்டம் நிலைக்காது. ஒரு மணி நேரத்தில் நன்றாகவே சரிந்துவிடும். போட்டோசிஸ்டம் 2-இன் நடுவில் உள்ள டி1 என்ற புரதத்தை ஒளியே சிதைக்கிறது. உயிருள்ள இலை அதை இடைவிடாமல் கழற்றிப் புதிது மாட்டிக்கொண்டே இருக்கும். நம் டம்ளரில் அந்த மெக்கானிக் இல்லை. அதனால்தான் நீண்ட நாள் ஓட வேண்டுமென்றால் புரதத்தை விட்டு முழு உயிரணுவுக்குப் போகிறார்கள். கேம்பிரிட்ஜில் 2022-இல் நீலப்பச்சைப் பாசியை வைத்து ஒரு சின்ன மைக்ரோபிராசசரை ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

போட்டோசிஸ்டம் 1-ஐ மட்டும் எடுத்தால்

ஒட்டுமொத்தச் சவ்வுக்குப் பதிலாக போட்டோசிஸ்டம் 1-ஐத் தனியே பிரித்துப் பூசுவதுதான் அடுத்த படி. அது முரட்டுப் புரதம், போட்டோசிஸ்டம் 2 போல எளிதில் சாகாது. டிரைட்டன் எக்ஸ்-100 மாதிரி ஒரு சோப்பால் சவ்வைக் கரைத்து, ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாதுத்தூள் நிரப்பிய குழாயில் விட்டுப் பிரிக்க வேண்டும். நல்ல கல்லூரி ஆய்வகம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இதில் சிக்கல் திசை. எலக்ட்ரான் புரதத்தின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். பாதி தலைகீழாகவும் பாதி நேராகவும் ஒட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் சொற்பம்தான். தங்கத்தின் மேல் ஒற்றை மூலக்கூறுப் படலம் போட்டு ஒரே திசையில் நிறுத்தப் பார்க்கிறார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2012-இல் இன்னொரு வழியில் போனார்கள்: கீரையிலிருந்து எடுத்த இதே புரதத்தைப் பி வகைச் சிலிக்கான் மேல் பூசினார்கள். சிலிக்கான் எலக்ட்ரானை ஒரு திசையில்தான் எளிதாகக் கொடுக்கும், அதனால் தலைகீழாய் உட்கார்ந்தவை எதிர்த்து ஓட முடியாது. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 850 மைக்ரோ ஆம்பியர் கிடைத்தது. நம் மாடியில் வந்ததைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல், அதுவும் ஒரு கீரையிலிருந்துதான்.

முடித்ததும்

ஃபெர்ரிசயனைடு கரைசலை சிங்கில் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து சிங்க் எல்லாம் கடைசியில் கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோதான் போகும், அங்கே ஏற்கெனவே போதுமானது கலக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயர் எழுதி, இருட்டில் வைத்து, கல்லூரி ரசாயன ஆய்வகத்தின் கழிவோடு ஒப்படையுங்கள். அமிலத்தோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். டையூரான் விட்ட டம்ளருக்குத் தனிக் கேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இந்தக் கேன்களை வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் இரண்டும் வெவ்வேறு மாடியில் இருக்கின்றன.

மிஞ்சிய கீரைக் காம்பைக் கூட்டு வைக்கலாம், மிக்ஸிக்குள் போகாததை மட்டும். ஆய்வுக்குத் தொட்ட ஜார் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது, அதற்கென்று ஒரு பழைய ஜாரை ஒதுக்கிவிடுங்கள். ஐஸ் மீந்தால் பெட்டியை மூடியே வையுங்கள். சாயந்திரம் வரை தாங்கும், இன்னொரு பூச்சுப் போட்டுப் பார்க்க அது போதும்.